படிப்புக்குப் பணம் கட்டுவது யார்?

(பண்பொழியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு அசலில் கைவைக்காமல் வட்டியில் நடப்பது. ஒருவர் தம் சேமிப்பை வங்கியில் போட்டு, இதன் வட்டி ஊருக்குப் பயன்படட்டும் என்று எழுதிவைத்ததால் நாம் இன்று கூடியிருக்கிறோம். கல்வியையும் சட்டத்தையும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பணத்தையும் சேர்த்துப் பேச அனுமதி கேட்டேன். சட்டம் ஓர் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்துசேர வேண்டுமானால் யாராவது செலவு செய்தாக வேண்டும். அந்த யாராவது யார் என்ற கேள்வியை அறுபது ஆண்டுக் காலம் விடாமல் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவர் மால்கம் ஆதிசேஷையா.

சென்னை அடையாறில் அவர் பெயரைச் சொன்னால் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். பாரிசில் யுனெஸ்கோ தலைமையகத்தில் தெரியும். எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ வழங்கிய ஒரு பன்னாட்டுப் பரிசு 1998 முதல் அவர் பெயரில் இருந்தது. நம் பக்கத்துப் பள்ளிகளில் அவர் பெயரைக் கேள்விப்பட்ட ஆசிரியர்கள் மிகக் குறைவு. மேல்நிலை வகுப்புகளில் பொருளியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. அந்த மேல்நிலை வகுப்பு உருவான காலத்தில் அதைப் பற்றி ஆழமாக யோசித்த மனிதர் அவர்.

1910 ஏப்ரல் 18ஆம் நாள் வேலூரில் பிறந்தார். வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னை லயோலா கல்லூரியிலும் படித்தார். கல்கத்தாவில் தூய பவுல் கல்லூரியில் சில ஆண்டுகள் பொருளியல் கற்பித்தார். பிறகு லண்டன் பொருளியல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1940இல் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். போர் முடிந்தபின் ஜெனீவாவில் உலக மாணவர் நலப் பணி, 1948இல் யுனெஸ்கோ. அங்கே தொழில்நுட்ப உதவித் துறையைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1963 முதல் 1970வரை துணைத் தலைமை இயக்குநர். இப்படி வரிசையாகச் சொன்னால் பதவிப் பட்டியலாகத் தோன்றும். அந்தப் பதவிகளில் இருந்த காலத்தில் கல்வியின் பணக் கணக்கு உலகம் முழுவதும் எப்படி மாறியது என்பதுதான் நமக்கு வேண்டியது.

அதுவரை பெரும்பாலான நாடுகளின் நிதித்துறைகள் பள்ளிக்கூடத்தைச் செலவுக் கணக்கில்தான் எழுதின. அணைக்கட்டு, உருக்காலை, ரயில் பாதை எல்லாம் முதலீடு. பள்ளிக்கூடம் நல்ல மனத்தோடு செய்யும் தர்மம். கையில் மிச்சம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். 1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராகத் தியோடர் ஷுல்ட்ஸ் ஆற்றிய உரை இந்தப் பார்வையைப் புரட்டிப் போட்டது. மனிதருக்கு அளிக்கும் படிப்பும் உடல்நலமும் முதலீடுதான், அதன் பலனைக் கணக்கிட்டுக் காட்ட முடியும் என்றார் அவர். பின்னாளில், 1979இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

யுனெஸ்கோவுக்குள் அந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் ஆதிசேஷையா முன்வரிசையில் நின்றார். ஷுல்ட்ஸின் உரைக்கு முன்பே, 1959 டிசம்பரிலும் 1960 ஜனவரியிலும் ஆசிய நாடுகள் கராச்சியில் கூடி, 1980க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்தது ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி என்று திட்டமிட்டன. 1961இல் ஆப்பிரிக்க நாடுகள் அடிஸ் அபாபாவில் கூடின. 1962இல் இலத்தீன் அமெரிக்க நாடுகள் சாந்தியாகோவில் கூடின. இந்த மாநாடுகளின் அறிக்கைகளில் புதிதாக ஒன்று நுழைந்தது: எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறைகள், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம், அதில் உள்நாட்டு வரியிலிருந்து எவ்வளவு, வெளியிலிருந்து எவ்வளவு என்ற கணக்கு. ஆசையாக இருந்தது வரவு செலவுத் திட்டமாக மாறியது. 1962இல் உலக வங்கி முதன்முறையாகக் கல்விக்குக் கடன் கொடுத்தது. வாங்கிய நாடு துனிசியா. 1963இல் கல்வித் திட்டமிடலைக் கற்றுக்கொடுக்கவே ஒரு பன்னாட்டு நிறுவனம் பாரிசில் தோன்றியது. பின்னாளில் ஆதிசேஷையா அதன் ஆட்சிக்குழுத் தலைவராகவும் இருந்தார்.

1980 வந்தது. கராச்சித் திட்டத்தின் இலக்கு நிறைவேறவில்லை. நம் நாட்டிலும் நிறைவேறவில்லை. கணக்குப் போட்டது தவறு என்று இதற்குப் பொருளில்லை. பள்ளியில் சேர்ந்த பிள்ளையும் பள்ளியை முடித்த பிள்ளையும் ஒன்றல்ல என்பதை அரசுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆதிசேஷையா திரும்பத் திரும்பக் கவலைப்பட்ட இடமும் இதுதான். இடைநிற்றலைக் கல்விப் பணத்தின் வீணாக்கமாக எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தார்.

இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிய ஆசிரியர்களுக்குத் தெரியும்: ஜூன் மாதம் வரிசையாக எழுதிய பெயர்களில் சில, அடுத்தடுத்த மாதங்களில் சிவப்பு மைக் கோடு விழுந்து நிற்கும். நெடுநாள் வராத பிள்ளை, பெயர் நீக்கம். உதாரணத்துக்கு, ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் 100 பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டாம் வகுப்பில் 85, மூன்றில் 70, நான்கில் 60, ஐந்தில் 50. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் செலவு என்றால் அரசு செலவழித்தது மொத்தம் 36,500 ரூபாய். ஐந்தாம் வகுப்பை முடித்தவர்கள் 50 பேர். ஐந்தாண்டுப் படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு 500 ரூபாய் ஆகும் என்று நாம் நினைத்திருப்போம். உண்மையில் ஒரு பிள்ளை படித்து முடிக்க 730 ரூபாய் ஆகியிருக்கிறது. இடையில் நின்ற ஐம்பது பிள்ளைகளுக்கோ, செலவு நடந்தும் எழுத்து நிலைக்கவில்லை. பள்ளியின் கதவு மூடாமல் திறந்திருக்கிறது, ஆசிரியர் வந்திருக்கிறார், சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போயிருக்கிறது, எல்லாமே முறைப்படி நடந்திருக்கிறது. பணம் மட்டும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

அந்தப் பிள்ளை ஏன் நின்றது? ஷுல்ட்ஸின் கோட்பாட்டில் இதற்கு விடை உண்டு. அதைப் புரிந்துகொள்ள அவர் கற்பித்த சிகாகோவுக்கு நாம் போக வேண்டியதில்லை. தென்காசி, கடையம், புளியங்குடிப் பக்கத்துத் தாய்மார்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பீடி சுற்றும் வீட்டில், மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. அம்மா சுற்றுகிறாள், பத்து வயது மகள் இலை வெட்டிக் கொடுக்கிறாள், இன்னும் இரண்டு ஆண்டில் அவளும் சுற்றுவாள். கட்டு சரியாக இருந்தால் வார முடிவில் கூலி. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வீட்டுக்கு நேரும் இழப்பு, நோட்டுப் புத்தகம் வாங்கும் காசைவிடப் பெரிது. அவள் சுற்றாத பீடியின் கூலி அது. படிப்பின் மிகப் பெரிய செலவு, படிக்கும் நேரத்தில் ஈட்டாமல் விட்ட வருமானம்தான் என்று ஷுல்ட்ஸ் காட்டினார். கல்விக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்துவிட்டால் கல்வி இலவசமாகிவிட்டதென்று நினைப்பது இதனால்தான் பிழை. சத்துணவும் சீருடையும் பாடநூலும் பேருந்துப் பயணமும் ஏழை வீட்டுக்கு நேரும் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. இவற்றை இலவசங்கள் என்று இகழ்வோர் கல்வியின் கணக்கைப் பாதியோடு மூடிவிடுகிறார்கள்.

பீடியை எடுத்ததற்கு இன்னொரு காரணம், இதில் பணமும் சட்டமும் பின்னிக் கிடப்பது. 1976இல் நாடாளுமன்றம் பீடித் தொழிலாளர் நல வரிச் சட்டத்தையும் நல நிதிச் சட்டத்தையும் இயற்றியது. உற்பத்தியாகும் பீடிமீது ஒரு சிறு தனிவரி. அந்தப் பணத்திலிருந்து மருத்துவமனை, வீட்டு உதவி, தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை. தொழில் பறித்த படிப்பை அந்தத் தொழிலின் வரியே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது இந்தத் தனிவரி ஒழிந்தது. உதவித்தொகை இப்போது மத்திய அரசின் பொது வரவு செலவிலிருந்து வர வேண்டியதாயிற்று. இதற்கென்று தனியாக நின்ற ஒரு வரவு போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஆண்டும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். மறுபக்கம், 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப் பட்டியலில் வைத்துவிட்டு, குடும்பத்தினர் உதவியோடு வீட்டில் செய்தால் பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. நம் பக்கத்தில் வேலை முழுவதும் வீட்டில்தான். சட்டம் கடைப்பிடிக்கப்பட்டது, பிள்ளையும் சொளகின் முன்னாலேயே இருந்தது. 2016இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

ஆதிசேஷையாவிடம் வருகிறேன். 1970இல் யுனெஸ்கோவிலிருந்து ஓய்வுபெற்றார். அந்த ஆண்டே மனித ஆற்றலை மையமாக வைத்து அவர் எழுதிய பெரிய ஆங்கில நூலை யுனெஸ்கோ வெளியிட்டது. அறுபது வயது, உலகப் புகழ், நல்ல ஓய்வூதியம். ஐரோப்பாவில் எங்கே வேண்டுமானாலும் குடியிருந்திருக்கலாம். அவரும் துணைவியார் எலிசபெத்தும் சென்னைக்குத் திரும்பினார்கள். 1971இல் அடையாறு காந்தி நகரில் தங்கள் வீட்டையும் சேமிப்பையும் கொடுத்துச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1977இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழ்நாடு அரசும் பொறுப்பேற்று அதைத் தேசிய நிலை நிறுவனமாக்கின. தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றியும், கூலி பற்றியும், ஊட்டச்சத்து பற்றியும், பள்ளிகள் பற்றியும் இன்று நாம் மேற்கோள் காட்டும் எத்தனையோ ஆய்வுகள் அந்த வீட்டிலிருந்து வந்தவை. கல்விக்கு நிதி வேண்டும் என்று உலக நாடுகளிடம் பேசியவர் தம் சொத்தை அதற்கே எழுதிவைத்தார். இந்த மனிதர்மீது எனக்குள்ள மரியாதையில் பெரும் பங்கு இந்த ஒரு செயலால் வந்தது.

1975இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. கல்விக்குப் பணம் தேடுவதில் இருவரும் இருவேறு பாதைகள். காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தி மக்களிடமிருந்தே மணி, பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று திரட்டினார். மதிய உணவுக்கு ஊரார் தானியம் அளந்தார்கள். ஆதிசேஷையாவின் பாதை வரவு செலவுத் திட்டம், திட்டக்குழு, நாடாளுமன்றம். இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் ஊரார் கொடுப்பது அரசு கொடுக்க வேண்டியதற்கு மாற்றாகிவிடக் கூடாது. கொடுக்க முடிந்த ஊரில் நல்ல பள்ளியும் முடியாத ஊரில் கூரையில்லாப் பள்ளியும் என்று ஆகிவிடும்.

துணைவேந்தராக அவர் அழுத்தம் கொடுத்த ஒன்று கல்லூரித் தன்னாட்சி. 1978இல் லயோலாவும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் உட்படச் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. இன்னொன்று மேல்நிலைக் கல்வி. 1978இல் தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டு, பள்ளியில் +1, +2 வந்தது. அதே ஆண்டு மேல்நிலைக் கல்வியையும் தொழிற்பிரிவையும் ஆராய்ந்த தேசியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும், தொழிற்பிரிவு மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் மூலையாகிவிடக் கூடாது என்பதே அந்த அறிக்கையின் உயிர். நடந்தது என்ன என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். தொழிற்பிரிவு தொடங்கினோம், ஆசிரியரைப் பகுதிநேரமாக வைத்தோம், பட்டறைக்குக் கருவி வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. கரும்பலகையில் இயந்திரத்தின் படம் வரைந்து இயந்திரவியல் நடத்திய நண்பர்கள் எனக்கு உண்டு. அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைகளை அங்கே அனுப்பினோம். நல்ல யோசனை பணமில்லாமல் மெலிந்தது.

1978 முதல் 1984வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். ஆண்டுதோறும் நாட்டின் பொருளாதாரத்தை நடு ஆண்டில் அலசும் உரைகளை டெல்லியில் நிகழ்த்தினார். அவர் வழக்கறிஞர் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி கடைசியில் நீதிமன்றத்தில்தான் போய் நின்றது. அந்தக் கதையை நம் ஊர் மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

நம் செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1வரை மலையாள நாட்டோடு இருந்தது. முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. அந்தத் திருவிதாங்கூரில் 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் ஓர் அரசாணை பிறப்பித்தார். மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில் சில பள்ளிகளுக்கே அப்போது அது எட்டியது. என்றாலும், படிப்புக்குப் பணம் கட்டுவது யார் என்ற கேள்விக்கு ஓர் அரசு எழுத்தில் கொடுத்த பழைய பதில் அது. சில மைல் கிழக்கே, தென்காசியில், வேறு ஆட்சி, வேறு கணக்கு. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் பெருகியிருந்தன. 1854ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளி நடத்த, அரசு மானியம் தர, அதிகாரி வந்து ஆய்வு செய்ய என்ற ஏற்பாடு நிலைத்தது. இன்றைய அரசு உதவிபெறும் பள்ளியின் பிறப்பு அங்கேதான். 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளூர் அமைப்புகள் கல்வி வரி விதிக்க வழி செய்தது. 1948இல் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பால் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது பழைய நாணயக் கணக்கில், நூலகத்துக்கு. இன்று நீங்கள் பேரூராட்சியில் சொத்து வரி கட்டி வாங்கும் ரசீதைப் பாருங்கள். நூலக வரி தனி வரியாக நிற்கும். நம் ஊரில் ஒரு பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த மின்விசிறிக்கு நம் வீட்டுக் காசும் சேர்ந்து ஓடுகிறது.

குற்றாலத்துக்குப் போனால் இன்னொரு வகை. ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. திருக்குற்றாலநாதர் கோயிலின் ஆதரவில் நடப்பது. கோயிலின் உபரி நிதியைக் கல்விக்குச் செலவிட 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் இடம் தருகிறது. இந்தப் பகுதியில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய எத்தனை பெண்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பதை இந்த அவையைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

1956இல் எல்லை மாறி நாம் இந்தப் பக்கம் வந்த சில மாதங்களில், அந்தப் பக்கம் கேரளக் கல்வி மசோதா வந்தது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே சம்பளம் கொடுக்கும், வசூலாகும் கட்டணத்தை அரசிடம் கட்ட வேண்டும், தொடக்க வகுப்புகளில் கட்டணமே கூடாது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதம் வந்த அந்தக் கருத்தில் ஓர் இடம் நம் பேச்சுக்கு மிக முக்கியம். இலவசக் கல்வி கொடுக்கும் கடமை அரசின் கடமை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியின் வருமானத்தை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடும் தராமல், அந்தச் செலவில் அரசு தன் கடமையை முடித்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இலவசம் என்று சொல்பவர் யாரோ, அவரே பணத்தையும் எடுத்துவைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு பத்தாண்டுக்குள் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்றது. பத்தாண்டு போய், நாற்பதாண்டு ஆனது. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட கல்விக்கான உரிமை அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்றது. ஆதிசேஷையா 1994 நவம்பர் 21இல் காலமானார். பிள்ளையின் உரிமையையும் அரசின் கருவூலத்தையும் ஒரே தீர்ப்பில் வைத்து அளந்த அந்த நாளை அவர் பார்த்துவிட்டார்.

அதன்பின் நடந்ததை அவருடைய கண்ணால் பார்ப்போம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி கொடுக்கப் பத்தாண்டில் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று தபஸ் மஜும்தார் தலைமையிலான வல்லுநர் குழு 1999இல் கணக்கிட்டது: ஏறத்தாழ 1.37 லட்சம் கோடி ரூபாய். கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 2002ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தோடு வைத்த நிதிக் குறிப்பில் இருந்தது ஆண்டுக்கு 9,800 கோடி. பத்தாண்டுக்கு 98,000 கோடி. ஏறத்தாழ 39,000 கோடி இடைவெளி. உரிமை வழங்கிய அன்றே அதன் ஒரு பகுதி கணக்கில் இல்லாமல் போயிற்று. கோத்தாரி குழு 1966இல் கேட்ட, தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு என்ற இலக்கை 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் மீண்டும் எழுதியிருக்கிறது. இன்னும் எட்டவில்லை.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பணத்துக்கு மத்திய மாநில அரசுகள் இரண்டும் பொறுப்பு என்கிறது. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. அதற்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும். ஈடு வரத் தாமதமானால் நெருக்கடி வகுப்பறையில் இருக்கும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. 2004 முதல் நாம் கட்டும் கல்வித் தனிவரி, இன்று சுகாதாரம் சேர்ந்து 4 விழுக்காடு, மாநிலங்களோடு பகிரப்படும் வரிக் கணக்கில் சேராது; மத்திய அரசின் திட்டங்கள் வழியாகத்தான் மாநிலத்துக்கு வரும். அதன் விளைவு 2024–25இல் தெரிந்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்குப் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்குள் பல கருத்து இருக்கலாம். ஒரு பிள்ளையின் அடிப்படை உரிமைக்கான பணத்தை இரண்டு அரசுகளின் ஒப்பந்தக் கையெழுத்தோடு முடிச்சுப் போடுவது தவறு. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

சுற்றியுள்ள கிராமங்களில் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றிருக்கும். 1981 ஜூன் 1 முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆசிரியருக்கு அது பெரிய பாதுகாப்பு, நான் மனதார வரவேற்பது. ஆனால் பெயர் ஒன்றியத்தினுடையது, சம்பளம் மாநிலத்தினுடையது, மானியம் மத்திய மாநில அரசுகள் சேர்ந்து தருவது என்று ஆனபின், ஊராருக்கு அந்தப் பள்ளியின் பணத்தைப் பற்றிக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவை வைத்தன. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலை.

இந்த அவையில் அப்படிப்பட்ட குழுக்களில் இருக்கும் தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போகிறீர்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் ரொக்கப் பதிவேட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது, ஜூனிலா மார்ச்சிலா என்று பாருங்கள். மார்ச்சில் வந்த பணத்துக்கு மார்ச்சிலேயே பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதச் சொன்னால் தலைமையாசிரியரை நோகாதீர்கள்; தாமதத்தைத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களைக் கேளுங்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த வீட்டுக்கு வாரம் எவ்வளவு கூலிக்கு ஈடு கிடைத்தால் பிள்ளை திரும்பி வரும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தொகையையும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஒரு தேவையாக எழுதுங்கள். கணக்கு எழுதுவதில் சந்தேகம் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறேன்.